தொமிதீலாவின் வெள்ளைத் துத்தி

தொமிதீலாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. அவருக்குத் துரோகம் செய்தவன் நான். பாதி படித்த பிறகு தெரிந்துகொண்டு என்னைத் திட்டுவதைவிட, முதலிலிருந்தே திட்டிக்கொண்டு படிப்பது உங்களுக்குச் சௌகரியம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாலைவனச் சிற்றூரான ஆஹோவில் செம்புச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்தே அவரும் நானும் அடுத்தடுத்த வீடு. அவருடைய கணவர் ஒரு வேலைநிறுத்தத்தின்போது வடக்கே வேறு சுரங்கத்துக்கு வேலை தேடிப் போனார். போனவர் போனவர்தான். தொமிதீலா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குத் தொர்த்தியா ரொட்டி தட்டி, ஒரே மகன் செல்சோவை வளர்த்தார். அவனுடைய ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பன். எங்கள் வழக்கத்தில் அன்றோடு பெயர் சொல்லி அழைப்பது முடிந்துவிடும். அதன் பிறகு நான் அவருக்குக் கொம்பாத்ரே, அவர் எனக்குக் கொமாத்ரே. சாகும் வரை மாறாது. எனக்குப் பிள்ளை கிடையாது. செல்சோ ஒருவன்தான்.

தொமிதீலாவிடம் ஊரே மதித்த ஒரு சொத்து இருந்தது. ஞாபகம். சுரங்கம் மூடிய பிறகு வேலை வெட்டி இல்லாத நாங்களெல்லாம் சாலோவின் டயர் கடையில் உட்கார்ந்து எதற்காவது சண்டை போட்டுக்கொண்டிருப்போம். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது எந்த வருஷம், ரொட்டிக்கடைக்காரர் மகள் ஓடிப்போனது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா, இப்படி. குரல் ஏறியதும் சாலோ கையிலிருக்கும் டயரைப் போட்டுவிட்டு, வாங்க, தொமிதீலாவைக் கேட்போம் என்பான். கும்பலாகப் போவோம். அவர் மாவிலிருந்து கையை எடுக்காமல் பதில் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். அவர் சொன்ன பிறகு யாரும் வாயைத் திறந்ததில்லை.

செல்சோ பத்தொன்பது வயதில், ஒரு ஏப்ரல் மூன்றாம் தேதி, டூசான் நகரத்துக்குப் போகும் ரோட்டில் பதினான்காவது மைலில் லாரி கவிழ்ந்து இறந்தான். உயிர் போன இடத்தில் சிலுவை நடுவது எங்கள் பழக்கம். நானே இரும்பு வெட்டிப் பற்றவைத்து நட்டேன். அடுத்த வருஷம் வசந்தத்தில் அந்தச் சிலுவையின் காலடியில் ஒரு துத்தி பூத்திருந்தது.

துத்தி பூப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. மார்ச் மாதம் ரோட்டோரம் மைல் கணக்கில் ஆரஞ்சாகப் பூத்துக் கிடப்பது அதுதான். வெண்டை, செம்பருத்தி சாதி. இலையில் சாம்பல் தூவினாற்போல நுண்முடி, சுனை, இருக்கும். தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் அரைநாள் கண்ணீர் கொட்டும். அதனால் கண்வலிப் பூ என்று பெயர். ஆனால் சிலுவையடியில் பூத்தது சுத்த வெள்ளை. சுற்றிலும் ஆரஞ்சு, நடுவில் அது ஒன்று மட்டும். வேறொருத்தியாக இருந்தால் புதுமை நடந்துவிட்டது என்று சாமியாரைக் கூட்டிவந்து ஜெபமாலை சொல்லியிருப்பாள். தொமிதீலா, ஆயிரத்தில் ஒன்று இப்படிப் பூக்கும், சின்ன வயதில் ஒருதரம் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பதினெட்டுக் கொம்பு ஒடித்துவந்து மணலில் ஊன்றினார். பதினேழு கருகிவிட்டன. பிழைத்த ஒன்றைக் கொல்லைப்புறச் சுவரோரம் வைத்தார். சிலுவையை நான் பத்தடி தள்ளி நட்டேன். பழைய செடி தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது.

அந்தச் செடியை வளர்ப்பதில் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். அதன் விதைகளைச் சேர்த்து வைத்து ஒவ்வொரு அக்டோபரிலும் விதைப்பார். ஓடு கெட்டி. அதனால் இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் தேய்த்து, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, எங்கே வாழ வேண்டுமோ அங்கேயே நகக்கண் ஆழத்தில் போடுவார். பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். சாண் உயரம் வரும் வரை கொஞ்சம் தண்ணீர். அதற்குப் பிறகு மறந்துவிட வேண்டும். பூத்து ஓய்ந்ததும் ஒரு முஷ்டி உயரம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் செத்த குச்சியாக நிற்கும். அது தூக்கம். அந்தச் சமயத்தில் ஈரம் பட்டால் வேர் அழுகும். இத்தனை பக்குவத்தோடு விதைத்தும் வெள்ளையின் விதையில் வெள்ளை வரவேயில்லை. எல்லாம் ஆரஞ்சு. ஒரு வருஷம் மட்டும் ரோஜா நிறத்தில் ஒன்று. திரும்பக் கொம்பு ஊன்றிப் பார்த்ததும் பிழைக்கவில்லை. ஆகவே இருந்தது அந்த ஒன்றுதான்.

ஏப்ரல் மூன்று வந்தால் அதில் ஒரு கிளையை ஈரக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறுவார். சிலுவையில் அவர் பூவைக் கட்டும்போது நான் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். செல்சோவைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். கொல்லைப்புறத்துக்கு வேறு யாரையும் அவர் விட்டதில்லை. போட்டோவும் எடுத்ததில்லை, அதான் நான் பார்த்திருக்கிறேனே என்பார். அந்த வெள்ளையை வருஷா வருஷம் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

பிறகு அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கண்வலிப் பூவை வளர்த்தால் கண் எப்படி இருக்கும் என்று சாலோ கேலி செய்தான். டூசானில் இருக்கும் அவருடைய அண்ணன் மகள் பிடிவாதமாக அழைத்ததால் ஒரு ஜூன் மாதம் அறுவைக்காக அங்கே கிளம்பினார். ஒரு கண் ஆறி அடுத்த கண் செய்துவிட்டு வரச் செப்டம்பர் ஆகும். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"கொல்லையில ஒண்ணும் செய்யாதீங்க கொம்பாத்ரே. ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்."

"ஒண்ணுமே செய்யாம எப்படி இருக்கிறது?"

"உங்களுக்கு என்ன புதுசா? சுரங்கம் மூடின நாள்லேர்ந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கீங்க."

அதையே செய்திருந்தால் இன்று நான் மனிதனாக இருந்திருப்பேன். எங்கள் ஊரில் முற்றத்தில் புல் வளர்க்க மாட்டோம். மண் முற்றம்தான். காலையில் அதைப் பெருக்கி, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து வைப்பதில்தான் வீட்டின் மானம் இருக்கிறது. பூட்டிய வீட்டு முன்னால் புழுதியும் காகிதமும் சேர ஆரம்பித்ததும், கொமாத்ரே இல்லாத நேரத்தில் வீட்டை இப்படியா போட்டுவைப்பது என்று நாலு பேர் என்னைக் கேட்பார்களே என்று தோன்றியது. முன்புறத்தைப் பெருக்கித் தெளித்தேன். போகிற வருகிற பெண்கள் நின்று பார்த்து, கொம்பாத்ரே என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தெளித்தேன். யாராவது பேச்சுக்கு நின்றால் குழாயைப் பிடித்தபடியே கால்மணி நேரம் பேசினேன். ஒரு வாரத்தில் கொல்லைக்கும் போய்விட்டேன். அங்கிருந்துதான் புழுதி முன்னால் வருகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செடிப் பக்கம் குழாயைக் காட்டவில்லை. ஆனால் தரை சுவரை நோக்கிச் சரிவு. குச்சிகளின் அடியில் தண்ணீர் தேங்குவதை என் கண்ணால் பார்த்தேன். இந்த வெயிலில் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று விட்டேன்.

ஆகஸ்டில் நாற்றம் வந்தது. குச்சியைத் தொட்டேன். வேரோடு கையில் வந்துவிட்டது. வெந்த கிழங்கு மாதிரி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

அன்றே டூசானுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். நான் டூசானுக்கே போனேன், ஆனால் அவரைப் பார்க்க அல்ல. ஒரு நாற்றுப் பண்ணையில் தொட்டியில் வளர்ந்த துத்தி ஒன்றை வாங்கினேன். பூ இல்லாத காலம். என்ன நிறம் என்று கேட்டதற்கு, பூத்தால்தான் தெரியும் என்றார் விற்றவர். அண்ணன் மகள் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் திரும்பி வந்தேன். வண்டியை நிறுத்தவில்லை. அதே குழியில் நட்டு, இலையையெல்லாம் உருவி, முஷ்டி உயரத்துக்கு வெட்டிவைத்தேன். அவர் வெட்டுவது போலவே சாய்வாக வெட்டினேன் என்பதைச் சொல்லும்போது இப்போதும் கை கூசுகிறது.

செப்டம்பரில் புதுக் கண்ணோடு வந்து இறங்கியவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "கொம்பாத்ரே, நீங்க இவ்வளவு கிழவனாவா இருந்தீங்க?" என்பது. தெருவே சிரித்தது. கொல்லைக்குப் போய்க் குனிந்து பார்த்து, கொஞ்சம் இளைத்திருக்கிறதே என்றார். வெயில் அதிகம் என்றேன். தலையாட்டிக்கொண்டார். முற்றத்தைச் சுத்தமாக வைத்திருந்ததற்கு நன்றி சொல்லி, பீன்ஸ் வேகவைத்துப் பெரிய பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பினார். நான் அதைச் சாப்பிடவும் செய்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வெள்ளையாகப் பூக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். என்னவெல்லாம் சாக்கு சொல்லலாம் என்றும் யோசித்து வைத்தேன். மார்ச் இரண்டாம் வாரம் ஒரு காலை, சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார். போனேன். செடி நிறைய ஆரஞ்சு. ரோட்டோரம் கிடக்கிற அதே ஆரஞ்சு.

"இது என்ன கொம்பாத்ரே?"

யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "இது எப்பவும் இந்த நிறம்தானே கொமாத்ரே."

"வெள்ளை."

"உங்களுக்குக் கண்ணுல புரை இருந்துச்சு. எல்லாம் வெளிறித் தெரிஞ்சிருக்கும். மெதுவா மெதுவாத்தான் விழும்னு டாக்டரே சொல்லலையா?"

அவர் பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வருஷா வருஷம் கூடவே வந்தீங்களே. ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? வெள்ளைன்னு நெனச்சு சந்தோஷமா இருந்தீங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

செடியைக் கொன்றது பாவம்தான். ஆனால் என்னை நானே பார்க்க முடியாமல் செய்தது இந்தக் கடைசி வாக்கியம். என் பொய்க்கு அன்புச் சட்டை மாட்டி அவர் முன்னால் நிறுத்தினேன். தன் கண்ணைவிட என் வார்த்தையை அவர் நம்பினார். என் கையைத் தட்டிக்கொடுத்து, நல்ல மனசு உங்களுக்கு என்றார்.

டயர் கடைக்கு அவரே வந்து தன்னைக் கேலி செய்துகொண்டு இந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பாலத்துச் சண்டை திரும்ப வந்தது. வழக்கம் போலக் கும்பலாகப் போனோம். அவர் மாவிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "என்னைக் கேக்காதீங்க. ஆரஞ்சை வெள்ளைன்னு பத்து வருஷம் சத்தியம் பண்ணினவ நான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சாலோ இரண்டு தரம் கேட்டான். அவர் மாவுக்குத் திரும்பிவிட்டார். பிறகு யாரும் போவதில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி மடியில் பூ இல்லாமல் வண்டியில் ஏறினார். ரோடு முழுக்க இருக்கிறதே, நான் வேறு கொண்டுபோக வேண்டுமா என்றார்.

நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டு, கொமாத்ரேயிடம் போய்ச் சொல் என்றார். ஜெபத்தை மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள் ஆரம்பித்தன. பூசை முடிந்து வரும்போது ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "செல்சோவுக்குத் தழும்பு இடது புருவத்துலதானே?" இடதுதான் என்றேன். இன்னொரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவன் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வானா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று கேட்டார். மூடிக்கொள்வான், முன்பல் உடைந்ததிலிருந்து என்றேன். நான் ஆமாம் சொன்னதும் அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கப் பொறுக்காது. வேறு வழியாக வீட்டுக்குப் போகப் பழகினேன்.

மே மாதம் அவர் வீட்டு நீர்க்குழாய் கசிகிறது என்று பழுது பார்க்கப் போனேன். சமையலறை ஆணியில் பழைய காலண்டர் தாள் ஒன்று திருப்பி மாட்டியிருந்தது. பள்ளிக்கூடச் சமையல் பட்டியல் எழுதும் அதே குண்டு எழுத்து. தழும்பு இடது: கொம்பாத்ரே ஆமாம் என்றார். உடைந்த பல்: கொம்பாத்ரே ஆமாம் என்றார். கீழே இன்னும் ஏழெட்டு வரிகள். தூங்கும்போது காலை உதறுவான். மீன் பிடிக்காது. கடைசியாக வீட்டை விட்டுப் போனபோது திரும்பிப் பார்த்தான். அவற்றுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாசற்படியில் அவன் திரும்பிப் பார்த்தபோது நான் அங்கே இல்லை. அதற்கு யாரும் ஆமாம் சொல்ல முடியாது.

ரெஞ்சைத் தரையில் வைத்தேன். அவர் திரும்பினார்.

"வெள்ளைதான் கொமாத்ரே. நான் தண்ணி தெளிச்சு அதைக் கொன்னுட்டேன். இது வாங்கி வச்சது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முற்றம், அந்தப் பெண்களின் பாராட்டு, நாற்றம், பண்ணை, சாய்வான வெட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அண்ணன் மகள் வீட்டுத் தெரு வழியாகவா வந்தீர்கள் என்று. ஆமாம் என்றேன். ஆணியில் மாட்டிய தாளைப் பார்த்துவிட்டு,

"தழும்பு எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது. சத்தியமா இடது."

"அன்னைக்கும் இடதுன்னுதான் சொன்னீங்க. ஆரஞ்சுன்னும் சொன்னீங்க. ரெண்டையும் ஒரே முகத்தோடதான் சொன்னீங்க."

எழுந்து, தாளை ஆணியிலிருந்து எடுத்து நாலாக மடித்து அடுப்புத் தீயில் போட்டார். குழாயைச் சரிசெய்துவிட்டுப் போங்கள் என்றார். செய்தேன். கிளம்பும்போது, இதை டயர் கடையில் சொல்லிவிடுங்கள் என்றார்.

மறுநாள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டே சொன்னேன். ஒரு செடிக்கா இத்தனை பாடு என்று ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். சாலோ அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான். என்னை யாரும் திட்டவில்லை. நான் உட்காரும் கவிழ்த்த பெட்டியை யாரும் நகர்த்திக் கொடுக்கவும் இல்லை. சாயங்காலமே சாலோ தொமிதீலா வீட்டுக் கதவைத் தட்டிப் பாலம் எந்த வருஷம் போனது என்று கேட்டிருக்கிறான். உள்ளே மாவு பிசைந்தபடியே வருஷமும் மாதமும் சொன்னாராம். அந்தச் சொத்து அவருக்குத் திரும்பிவிட்டது. ஊர் மறுபடி அவரைக் கேட்கிறது.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் நான் துத்தி விதைக்கிறேன். உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து, என் முற்றத்திலேயே போடுகிறேன். பெருக்குவதும் தெளிப்பதும் விட்டாயிற்று. தெரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். இந்த மார்ச்சில் ஒன்று வெள்ளையாகப் பூத்தது. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன். குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். இது வெள்ளை இல்லை, வெளிர் ரோஜா என்றார். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் சொன்னால் அது வெளிர் ரோஜாதான்.

செல்சோவைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனை நன்றாகத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் இருக்கிறோம், அவனைப் பற்றிப் பேச ஆள் இல்லை. போன ஏப்ரல் மூன்றாம் தேதி வழக்கம் போல வண்டியில் ஏறினார். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் வண்டி இல்லை. பதினான்காவது மைலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன்.

"வண்டியிலேயே இருங்க கொம்பாத்ரே."

கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிலுவையைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், நடுவில் ஒருதரம் சிரித்தார். வண்டிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.